வானம் போடும் பசளை

கண்டியைச் சுற்றியுள்ள வயல்களுக்கும் தேயிலை மலைகளுக்கும் நைதரசன் இரண்டு வழியாக வந்து சேர்கிறது. ஒன்று, பையில் வருவது. அதன் விலை தெரியும். போட்ட நாள் தெரியும். எந்த மலைக்கு எத்தனை கிலோ போனது என்பதும் தோட்டத்துக் கணக்கில் இருக்கும். மற்றது, காற்றில் வருவது. மழைத்துளியில் கரைந்தும், தூசியில் ஒட்டியும், வாயுவாகவே இலையில் படிந்தும் ஆண்டு முழுவதும் அது இறங்கிக்கொண்டிருக்கிறது. எந்தக் கணக்கிலும் அது ஏறுவதில்லை. வளிமண்டல நைதரசன் படிவு எனப்படும் இந்த வரவு, 1860க்கும் 1990களுக்கும் இடையில் உலக அளவில் ஏறக்குறைய மூன்று மடங்காகியது.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன்தானே, அது மண்ணில் விழுவதில் என்ன புதுமை என்று கேட்கலாம். காற்றிலுள்ள அந்த 78 சதவீதமும் இரண்டிரண்டு அணுக்களாக இறுகப் பிணைந்து கிடப்பது. பயிரால் அதைத் தொட முடியாது. பிணைப்பு உடைந்து அமோனியாவாகவோ நைத்திரேற்றாகவோ மாறினால்தான் வேர் அதை எடுக்கும். இயற்கையில் இதற்கு இரண்டு வழிகள்தான் முக்கியம்: ஒன்று மின்னல், மற்றது மண்ணிலும் அவரையினப் பயிர்களின் வேர்முடிச்சிலும் வாழும் பக்றீரியாக்கள். 1909இல் ஜெர்மன் வேதியியலாளர் பிரிட்ஸ் ஹேபர் மூன்றாவது வழியைச் செய்து காட்டினார். கார்ல் பொஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தெடுக்க, 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவு ஆலையில் உற்பத்தி தொடங்கியது. நான்காவது வழியை யாரும் திட்டமிடவில்லை. எஞ்சினின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் தாமாகவே கூடி நைதரசன் ஒட்சைட்டுகளாகிப் புகைக்குழாய் வழியே வெளியேறுகின்றன. இந்த இரண்டு வழிகளோடு மனிதர் பயிரிடும் அவரையினமும் சேர்ந்து, மனிதர் உருவாக்கும் வினைபுரியும் நைதரசனின் அளவு 1860இல் ஆண்டுக்குச் சுமார் 15 மில்லியன் தொன்னாக இருந்து 2005இல் 187 மில்லியன் தொன்னாக உயர்ந்தது. அவ்வளவும் பயிருக்குள் போவதில்லை. பயிர் எடுக்காத பகுதியில் ஒரு பங்கு காற்றில் ஏறி, வேறெங்கோ இறங்குகிறது.

காற்றில் ஏறும் நைதரசன் இரண்டு வகை. வாகனம், அனல்மின் நிலையம், விறகு அடுப்பு, புல்வெளித் தீ ஆகியவற்றிலிருந்து கிளம்புவது ஒட்சைட்டு வகை. அது சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஒரு நாளில், நைத்திரிக் அமிலமாகிவிடும். யூரியா, மாட்டுச் சாணம், கோழி எரு ஆகியவற்றிலிருந்து ஆவியாவது அமோனியா. இது தூரம் போகாத வாயு. பெரும்பகுதி கிளம்பிய இடத்திலிருந்து சில கிலோமீற்றருக்குள்ளேயே இலையிலும் ஈர மண்ணிலும் படிந்துவிடும். ஆனால் வழியில் அமிலத்தைச் சந்தித்தால் கதை மாறும். இரண்டும் சேர்ந்து அமோனியம் நைத்திரேற்று போன்ற நுண்துகளாகி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பயணம் செய்யும். அப்போது ஓர் ஊரின் யூரியாவும் இன்னோர் ஊரின் டீசல் புகையும் ஒரே துகளில் கலந்து மூன்றாவது ஊரின் வயலில் இறங்கும்.

இறங்கும் அளவைக் கணக்கிடுவது அவ்வளவு கடினமல்ல. கண்டியின் ஆண்டு மழை 1,900 மில்லிமீற்றரை ஒட்டியது. ஒரு ஹெக்டேயரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 10,000 லீற்றர் நீர். ஆக, ஆண்டு முழுவதும் ஒரு ஹெக்டேயரில் விழுவது 190 இலட்சம் லீற்றர். அந்த நீரின் ஒவ்வொரு லீற்றரிலும் வெறும் அரை மில்லிகிராம் நைதரசன் இருந்தாலே, மண்ணில் சேர்வது ஒன்பதரை கிலோ. ஏறக்குறைய 20 கிலோ யூரியாவுக்குச் சமம். லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் என்றால் அதுவே இரட்டிப்பாகும். இங்கே ஒரு பொறி உண்டு. ஆய்வுகூட அறிக்கைகள் சில நேரம் நைத்திரேற்றின் நிறையைத் தரும், சில நேரம் அதிலுள்ள நைதரசனின் நிறையைத் தரும். ஒரு மில்லிகிராம் நைத்திரேற்றில் நைதரசன் 0.23 மில்லிகிராம்தான், ஒரு மில்லிகிராம் அமோனியத்திலோ 0.78. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இரண்டு அறிக்கைகளை ஒப்பிட்டு, மாசு நான்கு மடங்கானது என்று முடிவு கட்டுவது நடக்கக்கூடியதே.

மழையில் வருவது கணக்கின் ஒரு பகுதி மட்டுமே. மழையில்லா நாட்களில் வாயுவாகவும் துகளாகவும் படிவது உலர்படிவு. மலைப்பகுதிக்கு மூன்றாவது ஒன்றும் உண்டு: மூடுபனி. நக்கிள்ஸ் தொடரின் சரிவுகளில் மேகமே மரத்தை உரசிச் செல்கிறது. பனித்துளியில் கரைந்துள்ள நைதரசனின் செறிவு மழைத்துளியில் உள்ளதைவிடப் பொதுவாக அதிகம். மழைமானியோ அதைப் பிடிப்பதில்லை.

170 ஆண்டுப் பதிவு

இந்த வரவின் நீண்டகாலப் போக்கைச் சொல்ல உலகில் மிகப் பழைய சான்று இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் பண்ணையில் இருக்கிறது. அங்கே ஜோன் லோஸும் ஜோசப் கில்பர்ட்டும் 1843இல் வயல் பரிசோதனைகளைத் தொடங்கினர். அப்போது ஜெர்மன் வேதியியலாளர் லீபிக், பயிருக்கு வேண்டிய நைதரசனைக் காற்றிலுள்ள அமோனியாவே கொடுத்துவிடும், மண்ணில் தாதுக்களைச் சேர்த்தால் போதும் என்று வாதிட்டுக்கொண்டிருந்தார். வாதத்தைத் தீர்க்க லோஸும் கில்பர்ட்டும் செய்தது எளிமையான வேலை. 1853இல் ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பரப்புள்ள பெரிய மழைமானி ஒன்றைக் கட்டி, விழும் மழையைச் சேர்த்து, அதிலுள்ள நைதரசனை அளந்தனர். கிடைத்தது ஹெக்டேயருக்கு ஆண்டுக்குச் சில கிலோ மட்டுமே. கோதுமைக்கு அது எந்த மூலைக்கும் காணாது. லீபிக்கின் வாதம் அத்துடன் தோற்றது.

ஆனால் அந்த மழைமானியின் பெருமை வாதத்தில் வென்றதில் இல்லை. அளவீடு தொடர்ந்ததில் இருக்கிறது. மழையோடு உலர்படிவையும் சேர்த்து ஆய்வாளர்கள் பின்னர் போட்ட மதிப்பீட்டின்படி, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹெக்டேயருக்குச் சுமார் 10 கிலோவாக இருந்த படிவு, 1980களில் 45 கிலோவை எட்டி, அதன் பிறகு குறையத் தொடங்கியது. எல்லை தாண்டும் காற்று மாசு பற்றிய 1979ஆம் ஆண்டின் ஐரோப்பிய உடன்படிக்கையும், 1999இன் கோத்தன்பர்க் நெறிமுறையும், வாகனங்களில் பொருத்தப்பட்ட வினையூக்கிகளும் அந்தச் சரிவுக்குக் காரணம். அதே பண்ணையின் புல்வெளிப் பாத்திகளில் நைதரசன் மிகுந்தபோது மறைந்துபோன செடியினங்கள், படிவு குறைந்த பின் மெல்லத் திரும்பின. 2015இல் வெளியான இந்த முடிவு, நைதரசன் சுமை குறைந்தால் நிலம் மீளும் என்பதற்குக் கிடைத்த அபூர்வமான நேரடிச் சான்று.

சீனாவின் போக்கு நேரெதிர். 1980களில் ஹெக்டேயருக்கு 13 கிலோவாக இருந்த படிவு 2000களில் 21 கிலோவாக உயர்ந்தது. 2013இல் இதை வெளியிட்ட ஆய்வாளர்கள் விவசாயிக்கு நேரடியாகப் பொருள்படும் ஒன்றையும் கண்டனர்: நீண்டகாலமாக நைதரசன் பசளையே போடாத சோதனைப் பாத்திகளில் நெல்லும் கோதுமையும் சோளமும் எடுக்கும் நைதரசன் காலப்போக்கில் கூடியிருந்தது. பை திறக்கப்படவில்லை, ஆனால் பசளை விழுந்துகொண்டிருந்தது.

அமெரிக்காவின் அனுபவம் கண்டிக்கு இன்னும் பொருத்தமானது. அங்கே 1978 முதல் மழைநீர் நாடு தழுவிய வலையமைப்பில் அளக்கப்படுகிறது. சட்டங்கள் வாகனப் புகையையும் மின்நிலையப் புகையையும் கட்டுப்படுத்தியதால் நைத்திரேற்று குறைந்தது. விவசாயத்திலிருந்து வரும் அமோனியத்தை யாரும் கட்டுப்படுத்தாததால் அது கூடியது. மொத்தம் பெரிதாக அசையவில்லை, ஆனால் மழையின் சேர்க்கை மாறிவிட்டது. செய்மதிகளும் இதையே சொல்கின்றன. 2008 முதல் 2018 வரையான காலத்தில் வளிமண்டல அமோனியா உலக அளவில் ஏறக்குறைய 13 சதவீதம் கூடியது. வட இந்தியாவின் கங்கைச் சமவெளி உலகின் மிக அடர்ந்த அமோனியா மண்டலங்களில் ஒன்று.

கிண்ணத்துக்குள் நகரம்

கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்துக்குள் அமைந்திருக்கிறது. தெற்கே ஹந்தானைத் தொடர் 1,100 மீற்றருக்கு மேல் எழுகிறது. மேற்கு, வடக்கு, கிழக்கு மூன்று பக்கமும் மகாவலி வளைந்தோடுகிறது. காற்று குறைந்த இரவுகளில் மலைச் சரிவின் குளிர்காற்று கீழிறங்கித் தேங்க, அதன் மேல் சூடான காற்று மூடிபோல் அமர்ந்துகொள்ளும். கொழும்பில் கடற்காற்று அடித்துச் செல்லும் புகை இங்கே நின்றுவிடும். கொழும்பைவிட வாகனம் குறைந்த நகரத்தில் காற்று அதைவிட மோசமாக இருக்க முடியும் என்று பேராதனைப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவதன் அடிப்படை இதுதான்.

இந்தப் பள்ளத்தாக்கில் நைதரசன் விழுந்த வரலாற்றைக் காலம் காலமாகப் பிரிக்கலாம். காடும் வயலும் சேனைப் பயிரும் மட்டும் இருந்த காலத்தில் மின்னலும் சேனைத் தீயும்தான் மூலங்கள். 1830களில் பரவத் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடுகள் வெட்டி எரிக்கப்பட்டபோது, நூற்றாண்டுகளாகச் சேர்ந்த நைதரசன் சில பத்தாண்டுகளில் புகையாய்ப் போனது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டார். அதே ஆண்டு புகையிரதமும் கண்டிக்கு வந்தது. 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தாக்க, தேயிலை மலையை எடுத்துக்கொண்டது. தேயிலையோடு வந்த புதுமை, வெளியிலிருந்து வரும் நைதரசன் பசளை. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் அதை முறைப்படுத்தியது.

உண்மையான திருப்பம் 1960களில். 1962இல் பசளை மானியம் தொடங்கியது. பசளைக்கு நன்றாக ஈடுகொடுக்கும் புதிய நெல்லினங்கள் வயல்களை நிறைத்தன. யூரியா அமோனியம் சல்பேற்றின் இடத்தைப் பிடித்தது. இந்த மாற்றம் காற்றைப் பொறுத்தவரை சிறிய விடயமல்ல. நிலத்தின் மேல் கிடக்கும் யூரியா அமோனியாவை எளிதில் விட்டுவிடும். 2005இல் 50 கிலோ பை ஒன்றை 350 ரூபாவுக்குக் கொடுக்கும் திட்டம் வந்தது. ஒரு பொருள் அந்த விலைக்குக் கிடைக்கும்போது அதை அளந்து போடச் சொன்னால் யார் கேட்பார்கள்?

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் அடுத்த மூலமும் வளர்ந்தது. நாட்டில் பதிவான வாகனங்கள் 2020 அளவில் 80 இலட்சத்தைத் தாண்டின. கொழும்பு, மாத்தளை, மகியங்கனை வீதிகள் மூன்றும் கண்டிக்குள் நுழையும்போது குறுகிவிடுவதால், கட்டுகஸ்தோட்டையிலிருந்து பேராதனை வரை மெதுவாக ஊரும் பஸ்களும் லொறிகளும் நாளின் பெரும்பகுதியில் புகையை அங்கேயே கக்குகின்றன. 2008இல் இரண்டடிப்பு முச்சக்கரவண்டிகளின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. நீலப்புகையும் எரியாத எண்ணெயும் குறைய அது நல்ல முடிவுதான். ஆனால் இரண்டடிப்பு எஞ்சின் நைதரசன் ஒட்சைட்டைக் குறைவாகவே வெளிவிடும். அதன் இடத்துக்கு வந்த நான்கடிப்பு எஞ்சின் அதைக் கூடுதலாக வெளிவிடும். கண்ணுக்குத் தெரியும் மாசு குறைந்தால் தெரியாததும் குறைந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

வெளியிலிருந்து வருவதும் உண்டு. டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடா வழியாக இந்தியத் துணைக்கண்டத்தின் காற்றைக் கொண்டுவருகிறது. 1999இன் முதல் மாதங்களில் நடந்த இந்து சமுத்திரப் பரிசோதனை, வட இந்து சமுத்திரத்தின் மேல் பரந்த பழுப்பு நிறப் புகைமூட்டம் படர்ந்திருந்ததை விமானங்களாலும் கப்பல்களாலும் அளந்து காட்டியது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்றோ திறந்த கடலிலிருந்து வருகிறது. அது கண்டியை அடையும் முன் கொழும்பையும் களனிச் சமவெளியையும் மட்டுமே கடக்கிறது. ஒரே கொள்கலனில் ஜனவரியில் பிடித்த மழைக்கும் ஜூனில் பிடித்த மழைக்கும் பிறப்பிடம் வேறு.

இரண்டு பருவங்களுக்கும் இடையில் வரும் மழைதான் இன்னும் சுவையானது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை கொட்டும். இடியோடு பெய்தால் பயிர் பச்சை பிடிக்கும் என்று விவசாயிகள் சொல்வதில் உண்மை உண்டு. மின்னல் நைதரசனைப் பிணைக்கத்தான் செய்கிறது. ஆனாலும் உலகம் முழுவதிலும் மின்னல் ஆண்டுக்கு உருவாக்குவது ஐந்து மில்லியன் தொன் அளவில்தான். மனிதர் உருவாக்குவதன் அருகில் அது ஒரு சிறு பின்னம். ஏப்ரல் மழையில் நைதரசன் செறிந்திருந்தால் அதற்கு மின்னலைவிட, வறண்ட வாரங்களில் காற்றில் தேங்கிய தூசியையும் புகையையும் முதல் மழை கழுவி இறக்குவதே பெரிய காரணம்.

எந்தப் பயிருக்கு எவ்வளவு

மேலே மழைக்குப் போட்ட கணக்கின்படி கிடைக்கும், ஹெக்டேயருக்கு 10 கிலோ என்ற அளவு வயலுக்குச் சிறியது. ஒரு தொன் நெல் விளைய, பயிர் 15 முதல் 20 கிலோ நைதரசனை எடுக்கும். நாலைந்து தொன் எதிர்பார்க்கும் விவசாயி போகத்துக்கு 100 கிலோ அளவில் நைதரசன் போடுகிறார். வானம் கொடுப்பது முழுவதும் பயிருக்குப் போனாலும் அரைத் தொன் நெல்லுக்குச் சற்று மேல்தான் காணும். அதிலும் காலம் பொருந்துவதில்லை. பெரும்போகத்து முதல் இடிமழை இறங்கும்போது வயல் வெறுமையாகவோ உழுதுகொண்டோ இருக்கும். உறிஞ்ச வேர் இல்லை. தேங்கிய நீருக்கடியில் ஒட்சிசன் இல்லாத சேற்றில் நைத்திரேற்றைப் பக்றீரியாக்கள் பிரித்துவிட, அது மீண்டும் வாயுவாகக் காற்றுக்கே திரும்பிவிடும்.

மறுபக்கக் கணக்கு இன்னும் கசப்பானது. தேங்கிய நீரில் யூரியாவை வீசினால், இரண்டு மூன்று நாட்களில் அது அமோனியமாகும். பகலில் நீர்ப்பாசி காபனீரொட்சைட்டை இழுத்துக்கொள்ள, நீர் காரத்தன்மை அடையும். கார நீரில் அமோனியம் அமோனியா வாயுவாகி எழும். இப்படிப் போவது போட்டதில் பத்திலொரு பங்காகவும் இருக்கலாம், மூன்றிலொரு பங்கைத் தாண்டவும் செய்யலாம். ஐந்திலொரு பங்கு என்று வைத்துக்கொண்டாலே 100 கிலோவில் 20 கிலோ மேலே போகிறது. அதாவது ஆண்டு முழுவதும் வானம் கொடுப்பதைப்போல் இரண்டு மடங்கை வயல் ஒரே போகத்தில் வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. வானம் போடும் பசளையை இலவசம் என்று அழைப்பது இதனால்தான் தவறு. அதற்கு யாரோ ஒரு விவசாயி ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறார்.

தேயிலையின் நிலை வேறு. அது ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் பயிர். வேர் எப்போதும் விழித்திருக்கும், இலைப்பரப்பும் காற்றை வடிகட்டும். ஆனால் நல்ல விளைச்சல் தரும் மலைக்கு ஆண்டுக்கு 200 கிலோவுக்கு மேல் நைதரசன் போடப்படுவதால், வானத்தின் 10 கிலோ அங்கே அடையாளம் தெரியாமல் கரைந்துவிடும். விளைவு தெரிவது மண்ணின் அமிலத்தில். அமோனியம் மண்ணில் நைத்திரேற்றாக மாறும்போது அமிலம் பிறக்கிறது. அது பையிலிருந்து வந்ததா மேகத்திலிருந்து வந்ததா என்று மண் பார்ப்பதில்லை. தேயிலை அமில மண்ணை விரும்பும், ஆனால் பி.எச். 4.5க்குக் கீழே இறங்கினால் அதற்கும் தாங்காது. கவ்வாத்துக்குப் பின் தோட்டங்கள் டொலமைட் போடுவது இதைச் சரிசெய்யத்தான்.

வானத்தின் பங்கு உண்மையில் பெரிதாவது கண்டிய வீட்டுத்தோட்டத்தில். பலா, கராம்பு, சாதிக்காய், கோப்பி, கிளிரிசீடியாவில் ஏறிய மிளகு என்று அடுக்கடுக்காக நிற்கும் இந்தத் தோட்டங்களில் பலர் நைதரசன் பசளையே போடுவதில்லை. அவற்றின் வரவு விழும் இலை, கிளிரிசீடியாவின் வேர்முடிச்சு, காற்று ஆகிய மூன்றுதான். மூன்றில் காற்றின் பங்கு கூடிக்கொண்டே வந்தால் வேர்முடிச்சின் வேலை குறையும். மண்ணில் நைதரசன் எளிதாகக் கிடைக்கும்போது அவரையினச் செடிகள் பக்றீரியாவுக்கு உணவு கொடுத்துப் பராமரிப்பதைக் குறைத்துக்கொள்ளும். வீதியோரத் தோட்டங்களில் வேலியாய் நிற்கும் மரங்களே புகையின் நைதரசனை முதலில் பிடிக்கின்றன.

நைதரசனை யாரும் கேட்காத இடங்களும் இருக்கின்றன. நகரத்தின் நடுவே உடவத்தகலைக் காடு. கிழக்கே நக்கிள்ஸ், 2010 முதல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதியில் அடங்கியது. 2006இல் வெளியான ஓர் ஆய்வு உலகின் 34 உயிர்ப்பல்வகைமை மையங்களின் மேல் விழும் நைதரசனைக் கணித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் சேர்ந்த மண்டலம் அவற்றில் ஒன்று. 1990களின் நடுப்பகுதியிலேயே இந்த மையங்கள் சராசரி நிலப்பரப்பைவிட ஒன்றரை மடங்கு நைதரசனைச் சுமந்தன. முதலில் பாதிக்கப்படுவது மரப்பட்டையில் வாழும் லைக்கன். வேரில்லாத அது உணவு முழுவதையும் காற்றிலிருந்து எடுப்பதால், ஒரு கனமீற்றர் காற்றில் ஒரு மைக்ரோகிராம் அமோனியாவே அதற்கு எல்லை என்று ஐரோப்பிய ஆய்வுகள் நிர்ணயித்துள்ளன. இலங்கையின் மலைக்காடொன்றிலேயே, காற்று உரிய திசையில் வீசும்போது மட்டும் அமோனியாவைத் திறந்துவிட்டு லைக்கன்களின் மாற்றத்தைப் பதியும் பரிசோதனையைத் தெற்காசிய நைதரசன் ஆய்வு மையம் நடத்தியது. நீர்நிலைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1999இல் கண்டி வாவியில் நச்சு நீலப்பச்சைப் பாசி படர்ந்ததற்கு முதற்காரணம் நகரத்தின் கழிவுநீர். காற்றைக் குற்றம்சாட்டிக் கழிவுநீரை மறக்கக்கூடாது.

மூன்று ஆண்டுகள், இரண்டு குழாய்கள்

2020க்கும் 2022க்கும் இடையில் இலங்கை, எந்த விஞ்ஞானியும் அனுமதி பெற்றிருக்க முடியாத பரிசோதனை ஒன்றைத் தன் மேலேயே நடத்தியது. 2020 மார்ச் மாதம் கொவிட் ஊரடங்கு வாகனங்களை நிறுத்தியது. 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரில் தடை கைவிடப்பட்டபோது பெரும்போகம் கைமீறிப்போயிருந்தது. 2022இல் எரிபொருள் தீர்ந்து, பெற்றோல் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. ஒட்சைட்டுக் குழாயும் அமோனியாக் குழாயும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

தடைக்காலத்தில், மண்ணும் காற்றும் தாமாகவே பயிரைக் காத்துக்கொள்ளும் என்ற பேச்சு பலமாக அடிபட்டது. லோஸும் கில்பர்ட்டும் 19ஆம் நூற்றாண்டிலேயே விடைகண்ட வாதம் அது. ரொதம்ஸ்டெட்டில் 1843 முதல் பசளையே காணாத கோதுமைப் பாத்தி இன்றும் விளைகிறது, ஹெக்டேயருக்கு ஒரு தொன் அளவில். இருபத்திரண்டு மில்லியன் பேருக்கு அந்தக் கணக்கில் சோறு போட முடியாது. 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் பலமாகச் சரிந்தது. தேயிலை உற்பத்தி 2021இல் சுமார் 300 மில்லியன் கிலோவாக இருந்து 2022இல் 252 மில்லியன் கிலோவாக வீழ்ந்தது.

இத்தனைக்கும் பசளைத் தடைக்கு ஒன்றரை ஆண்டு முன்புதான், 2019 ஒக்டோபர் 24ஆம் திகதி, கொழும்புப் பிரகடனம் நிறைவேறியிருந்தது. 2030க்குள் வீணாகும் நைதரசனைப் பாதியாக்குவது அதன் இலக்கு. வீணாவதைப் பாதியாக்குவதும் போடுவதைப் பூச்சியமாக்குவதும் ஒன்றல்ல. முதலாவதற்கு வழிகள் தெரிந்தவையே: யூரியாவைப் பல தடவையாகப் பிரித்துப் போடுவது, நீரை வடித்துச் சேற்றோடு கலப்பது, இலை நிற அட்டையைப் பார்த்து வேண்டியபோது மட்டும் கொடுப்பது, கோழி எருவை மூடி மக்கவைப்பது, தேயிலை மலையில் ஈரமுள்ள நாள் பார்த்துப் போடுவது. ஒவ்வொன்றும் காற்றுக்குப் போகும் அமோனியாவைக் குறைப்பதோடு விவசாயியின் செலவையும் குறைக்கும். சூழலும் சட்டைப்பையும் ஒரே பக்கம் நிற்கும் இடங்கள் விவசாயத்தில் அதிகமில்லை. இது அவற்றில் ஒன்று.

ஒரு புனலும் ஒரு போத்தலும்

கண்டியில் காற்றின் தரத்தை அளக்கும் கருவிகள் உள்ளன. அவை நகரவாசி சுவாசிக்கும் காற்றில் என்ன இருக்கிறது என்று சொல்லும். வயலில் எத்தனை கிலோ இறங்கியது என்று சொல்லா. பேராதனையில் மழைநீர் வேதியியல் பற்றிச் செய்யப்பட்டவை குறுகிய கால ஆய்வுகள். ஓர் ஆய்வின் ஆண்டுகளை அடுத்ததன் ஆண்டுகளோடு இணைக்கும் தொடர் பதிவாக அவை வளரவில்லை. காற்று மாசு பற்றிய 1998இன் மாலே பிரகடனத்தின் கீழ் இலங்கைக்கு அமைந்த கண்காணிப்பு நிலையம் அனுராதபுர மாவட்டத்தில், மலைநாட்டுக்கு வெகு தொலைவில் இருக்கிறது.

தேவைப்படும் கருவி வேடிக்கையாகத் தோன்றும் அளவுக்கு எளிது. தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் ஒரு புனல், அதன் கீழே வெளிச்சம் படாத போத்தல், உள்ளே நுண்ணுயிர் நைதரசனைத் தின்றுவிடாமல் தடுக்கச் சிறிது தைமோல். வாரத்துக்கு ஒருமுறை போத்தலை மாற்றி, நைத்திரேற்றையும் அமோனியத்தையும் அளக்க வேண்டும். காகம் புனலில் எச்சமிட்டால் அந்த வார மாதிரி போச்சு. பொஸ்பேற்றின் அளவு திடீரென எகிறுவது அதைக் காட்டிக்கொடுக்கும். உலர்படிவுக்குக் கம்பத்தில் தொங்கும் சிறு உறிஞ்சு குழாய்கள் போதும், மின்சாரம் வேண்டாம். இதிலே விலை கூடியது ஒன்றே ஒன்று: வாரம் தவறாமல் இருபது ஆண்டு போத்தல் மாற்றும் பொறுமை.

அதற்கு வேண்டிய நிறுவனங்கள் எல்லாம் கண்டியிலேயே ஒன்றுக்கொன்று சில கிலோமீற்றருக்குள் இருக்கின்றன: பேராதனையில் பல்கலைக்கழகமும் விவசாயத் திணைக்களமும் 1821இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவும், கன்னொறுவையில் திணைக்களத்தின் ஆய்வு வயல்கள், ஹந்தானையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளையும் அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனமும். நகரம், வயல், தேயிலை, காடு நான்குக்கும் ஒவ்வொரு புனல் நிறுத்த இவற்றுக்கு வெளியே ஓர் அங்குல நிலம்கூடத் தேட வேண்டியதில்லை. கொழும்புப் பிரகடனத்தின் கெடு 2030. வீணாவது பாதியானதா இல்லையா என்று அன்று சொல்ல ஒப்பிடுவதற்கு ஒரு தொடக்க எண் வேண்டும். எனவே அடுத்த பெரும்போகத்து முதல் மழைக்கு முன் அந்த நான்கு புனல்களையும் நிறுத்திவிடுங்கள்.